மூச்சு வாங்கும் சின்ன நாயும் நீயும்

கண்ணு,

நீ ஒரு சின்ன நாயை வாங்கியிருக்கிறாய், அது ராத்திரியில் விடும் குறட்டையில் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று உன் அம்மா போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் கால்நடை ஆய்வாளராக இருந்தே தலை நரைத்தவன் உன் பெரியப்பா. எங்கள் இடத்தை ஊரார் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். சினை ஊசி, கோமாரி தடுப்பூசி, மடிநோய் என்று ஓடிக்கொண்டிருந்த அந்த வாசலுக்கு, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வரும் சின்ன நாய்களும் மெல்ல மெல்ல வர ஆரம்பித்தன. நான் டாக்டர் இல்லை. டாக்டர் பார்க்கும்போது நாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன். பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு நாயின் மூச்சும் கேட்கும், கொண்டுவந்தவர்களின் பேச்சும் கேட்கும். சின்ன நாயின் தொண்டைக்கு வரும் வினையில் பெரும்பங்கு வளர்ப்பவரின் குணத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்க ஆரம்பித்தது அப்படித்தான். மருந்து எழுதுவது டாக்டர் வேலை. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

1. நாய் நன்றாக இருக்கும்போதே அதன் மூச்சைக் கேட்டுப் பழகு. அது அயர்ந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விலாவைப் பார். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கு. தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். கனவு கண்டு காலை உதறும் நேரத்தில் எண்ணாதே. கிடைத்த எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதி வை. பிறகு, சத்தம் வந்தால் அது மூச்சை இழுக்கும்போது வருகிறதா, விடும்போது வருகிறதா, இருமலோடு வருகிறதா என்று கவனி. ஈறு என்ன நிறம் என்று இன்றே பார்த்து வைத்துக்கொள். ஈறு கறுப்பாக இருந்தால் நாக்கைப் பார். ரோஜா நிறம் நல்லது. நீலம் பாய்ந்தாலோ வெளுத்துப்போனாலோ செருப்பைத் தேடாமல் கிளம்பு. இன்னொன்று, சத்தம் வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து வை. வீட்டில் ஊரைக் கூட்டுகிற நாய், ஆஸ்பத்திரி மேசையில் ஏற்றியதும் பயத்தில் வாயே திறக்காது. செல்போனில் கேமரா வராத காலத்தில் திண்டிவனத்துத் தாத்தா ஒருவர் தன் நாய் எப்படி இருமுகிறது என்று அப்படியே கழுத்தை நீட்டி இருமிக் காட்டுவார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். டாக்டர் சிரிக்க மாட்டார். அவருக்குப் பாதி விஷயம் அதிலேயே கிடைத்துவிடும். வெட்கப்படாமல் அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டு வைத்திருந்தார் அந்த மனிதர்.

2. குறட்டையைச் செல்லம் கொஞ்சாதே. 2003-ல் ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு பையன் போகிற இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும். அதற்கு முன் எங்கள் பக்கத்தில் அந்த நாயைப் பார்த்தவர்கள் அரிது. அதற்குப் பின் "ஹட்ச் நாய் எங்கே கிடைக்கும்?" என்று மாடு பிடித்துக்கொண்டு வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். அந்தச் சப்பை முகத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மண்டை எலும்பு குட்டையானதே தவிர, உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பச் சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் ஒரு கீறல் அளவுக்கு இடுங்கிவிடுகிறது. மேலண்ணத்தின் பின்னால் தொங்கும் மெல்லிய சதை நீண்டுபோய் மூச்சுப் பாதையின் வாயை மறைக்கிறது. சிலவற்றுக்கு மூச்சுக்குழாயே பிறவியில் ஒடுக்கம். வருஷக்கணக்கில் வலிந்து இழுத்து இழுத்துக் குரல்வளைக்குள் இருக்கும் சின்னப் பைகளும் பிதுங்கி வழியை இன்னும் அடைக்கும். பக் மட்டுமில்லை, ஷிட்சு, லாசா, பெக்கினீஸ், பிரெஞ்சு புல்டாக் எல்லாம் ஏறக்குறைய இந்தக் கதைதான்.

இளம் டாக்டர் ஒருவர் ஒருமுறை எனக்கு ஒரு படம் காட்டினார். வில்லியம் ஹோகார்த் என்ற ஆங்கிலேய ஓவியர் 1745-ல் தன்னையும் தன் பக் நாயையும் வரைந்தது. அந்த நாய்க்கு மூக்கு வெளியே நீண்டிருக்கிறது! நடுவில் வந்த மனிதர்கள் தங்கள் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று தலைமுறை தலைமுறையாக அதைத் தேய்த்துவிட்டார்கள். விழுப்புரத்துக் கடைக்காரர் ஒருவர், "எங்க பையன் தாத்தா மாதிரி கொறட்டை விடுவான் சார்" என்று பெருமையாகச் சொன்னார். "படுத்துத் தூங்குதா, உட்கார்ந்தே தூங்குதா? தாடையை எதுமேலயாவது வெச்சுக்குதா?" என்று டாக்டர் கேட்டார். தலையணை விளிம்பில் தாடையை முட்டுக்கொடுத்துத்தான் தூங்குகிறது என்றார். படுத்தால் மூச்சு அடைக்கிறது, அதனால்தான் என்று டாக்டர் விளக்கியபோது அந்த மனிதரின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும் அந்தச் சதையைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு, இளவயதில் செய்தால் பலன் அதிகம். உன் நாய் எந்த அளவில் இருக்கிறது என்று ஒருமுறை காட்டிக் கேட்டுவிடு. வாங்கியாயிற்று, இனி அதைக் குறை சொல்லி என்ன? நன்றாக மூச்சு விட வைப்பது உன் பொறுப்பு.

3. பதறாதே. ஒரு நாள் உன் நாய் திடீரென்று நான்கு காலையும் ஊன்றி நின்று, கழுத்தை நீட்டி, மூக்கால் காற்றை உள்ளே இழுத்து இழுத்துக் 'கொர்ர்ர்' என்று உறுமும். கண் பிதுங்கும். செத்துப்போகப் போகிறது என்றே தோன்றும். ஒரு நிமிடம் போனதும் ஒன்றுமே நடக்காததுபோல் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அது தும்மலின் தலைகீழ் வடிவம். சின்ன நாய்களுக்குச் சகஜம், பெரும்பாலும் ஆபத்தில்லை. தொண்டையை மெல்ல நீவிவிடு. மூக்குத் துவாரத்தை ஒரு நொடி விரலால் மூடினால் எச்சில் விழுங்கும், அதோடு நின்றுபோகும். ஒரு ஆசிரியை நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து, அழுதுகொண்டே டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்ததும் நாய் டாக்டரின் லுங்கியைக் கடித்து விளையாட ஆரம்பித்தது. அவர் ஓடிவந்ததில் தப்பில்லை. ஆனால் பதறிப்போய் நாயை உலுக்கினார், முதுகில் தட்டினார், வாயில் தண்ணீர் ஊற்றினார். அதெல்லாம் வேண்டாம். அடிக்கடி வந்தாலோ, ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ வந்தாலோ காட்டிவிடு. அறுவடை முடிந்த வயல் பக்கம் நடைபோகிற நாய்க்குப் புல்லின் கூர்முனை மூக்கில் ஏறியிருக்கலாம், மேல்தாடைப் பல்லின் வேர் அழுகியிருக்கலாம்.

4. கழுத்தில் எதையும் கட்டி இழுக்காதே. உனக்கும் எனக்கும் இருப்பதைப் போலவே நாயின் மூச்சுக்குழாயும் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது. அவை முழு வட்டமில்லை. முதுகுப் பக்கம் திறந்து, அங்கே ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். பொமேரியன், யார்க்ஷயர் டெரியர், சிவாவா போன்ற குட்டி இனங்களில் நடுவயது தாண்டும்போது இந்தக் குருத்தெலும்பு தளர்ந்து, குழாய் சப்பையாகிவிடுவதுண்டு. (நம் பக்கம் பொமேரியன் என்று வளர்க்கும் வெள்ளை நாய்களில் பலவும் இந்தியன் ஸ்பிட்ஸ். நம் வெயிலைத் தாங்கும் நல்ல நாய்தான். ஆனாலும் அதன் கழுத்தையும் பார்த்துக்கொள்.) அப்போது வரும் இருமல் வாத்து கத்துகிற மாதிரியே இருக்கும். ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். வாசல் மணி அடித்ததும் குதிக்கும்போது, தண்ணீர் குடித்ததும், கழுத்துப்பட்டை இறுகியதும் வரும். முற்றிலும் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆனால் எடையைக் குறைத்து, கழுத்தை விடுவித்து, டாக்டர் தரும் மருந்தைச் சரியாகக் கொடுத்தால் பல நாய்கள் வருஷக்கணக்கில் நன்றாகவே ஓடியாடும். ஒரு எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. மூச்சை இழுக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது ஒரு மாதிரி இருக்கும் குழாய் அது.

கடையில் பாடி பெல்ட் என்று கேள். மார்பைச் சுற்றி மாட்டுவது. இழுத்தால் பாரம் நெஞ்சில் போகும், தொண்டையில் போகாது. நம் வீடுகளில் கேட் கம்பியில் இரும்புச் சங்கிலி போட்டு நாயைக் கட்டுகிறோம், அது தெருவில் போகும் எல்லாரையும் பார்த்துப் பாய்ந்து பாய்ந்து குரைக்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் தொண்டையில் ஒரு குத்து. திருஷ்டிக் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயிலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, நாய் சாப்பிட மாட்டேனென்கிறது, குரலும் மாறிவிட்டது, கழுத்தில் நாற்றம் என்று கொண்டுவந்தார். அடர்ந்த ரோமத்தை விலக்கிப் பார்த்தால், குட்டியாக இருந்தபோது கட்டிய கறுப்புக் கயிறு தோலை அறுத்துச் சதைக்குள் புதைந்து கிடந்தது. நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. அந்த அம்மா அதைக் கட்டியதும் பாசத்தில்தான். கட்டிய பாசம், வாரம் ஒருமுறை விரலை விட்டுத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். நீ கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடு.

5. சோறு போட்டுப் பாசத்தைக் காட்டாதே. இது உனக்கு மட்டுமில்லை, உன் பாட்டிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஐந்து கிலோ இருக்க வேண்டிய நாய் ஆறு கிலோ ஆனால், "ஒரு கிலோதானே" என்பார்கள். ஐந்தில் ஒரு பங்கு அது. அறுபது கிலோ ஆள் பன்னிரண்டு கிலோவைக் கழுத்திலும் வயிற்றிலும் சுமந்துகொண்டு மாடி ஏறுவதற்குச் சமம். தொண்டையைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெளியிலிருந்து குழாயை அமுக்கும். வயிற்றுக் கொழுப்பு நெஞ்சை விரியவிடாது. டீயில் நனைத்த பிஸ்கட், நெய் விட்ட பருப்புச் சோறு, மார்கழி முழுக்கக் கோயில் பொங்கல் என்று போனால் எந்த மருந்தும் பிடிக்காது. விலாவில் கை வைத்தால் எலும்பு எண்ணத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது. அதுதான் அளவு. வீட்டில் நாய்க்குச் சோறு போடுவது ஒரே ஆளாக இருக்கட்டும். "நான் ஒண்ணுமே போடறதில்ல சார்" என்று நான்கு பேரும் சத்தியம் செய்த வீட்டு நாய்தான் நான் பார்த்ததிலேயே குண்டு.

6. நம் வெயிலை மதி. அக்னி நட்சத்திரத்தில் விழுப்புரம் தார் ரோட்டில் நீயே செருப்பில்லாமல் நிற்க மாட்டாய். நாய்க்கு உன்னைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை இறக்கும். மூச்சுப் பாதையே அடைத்திருக்கும் நாய் இரைக்க இரைக்க உள்ளே சதை வீங்கும், வீங்க வீங்க இன்னும் காற்று போகாது, சூடு இன்னும் ஏறும். கோடையில் சூரியன் வருவதற்கு முன் நடை, இருட்டிய பின் நடை, பகலில் ஈரத் தரையும் மின்விசிறியும். ஏசி போட்ட காரில் விட்டுவிட்டு இஞ்சினை அணைத்துவிட்டுப் போவதைப் போன்ற கொடுமை இல்லை. கல்யாண மண்டபத்து வாசலில் அப்படி ஒரு பக். "தாலி கட்டுற நேரம், பத்து நிமிஷம்தான்" என்று போனவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை.

நாயின் இயல்பான சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 106-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. மயங்கித் தள்ளாடி, கெட்டியான எச்சில் ஒழுகி, நாக்கு கருஞ்சிவப்பாகிவிட்டால் முதலில் குளிரவை, பிறகு கிளம்பு. குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி விசிறியைப் போடு. ஐஸ் எங்கே என்று கடை கடையாக அலையாதே. ஈரத் துண்டால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே நிற்கும். மயக்கத்தில் இருக்கும் வாயில் தண்ணீர் ஊற்றாதே. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏற்றி ஊருக்கு அழைத்துப் போகலாம் என்று உனக்குத் தோன்றும்: முதல் வகுப்பு ஏசியில் தனி அறை முழுவதையும் எடுத்தால்தான் கூட வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. மே மாதத்தில் அந்தக் கூண்டில் சப்பை மூக்கு நாயை ஏற்றாதே. அம்மாவிடம் விட்டுவிட்டுப் போ.

7. வாய்க்குள் கை விடாதே. இந்தக் கடிதத்தில் இதை மட்டும் படித்தாலும் போதும். "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு, எடுத்து விடுங்க" என்று கொண்டுவரப்படும் எல்லா நாய்க்கும் எலும்பு சிக்கியிருக்காது. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் நூலாக ஒழுகி, குரைக்கும் குரல் கம்மி மாறி, தண்ணீரை விழுங்க முடியாமல் தவிக்கும் நாய்க்கு வெறிநோய் இருக்கலாம். வெறிநோய் என்றால் பாய்ந்து கடிக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு மூலையில் சோர்ந்து படுத்துத் தாடை தொங்கிச் சாகிற வகையும் உண்டு. வீட்டுக்காரர் பாவம் பார்த்து விரலை விட்டுத் துழாவுவார். கடிக்கவே வேண்டாம், கையில் ஒரு கீறல் இருந்தால் எச்சில் போதும். அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதருக்கும் காப்பாற்றும் மருந்து இல்லை. தடுப்பூசிக் கணக்குத் தெரியாத குட்டி, தெருநாயோடு கட்டிப் புரண்ட நாய் என்றால் சந்தேகப்படு. எச்சில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதே. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள், எல்லாத் தவணையையும் முடி. நான் பிடித்துக்கொண்ட ஒரு நாய்க்காக நானும் போட்டுக்கொண்டிருக்கிறேன். "பெரியப்பா பயந்துட்டாரு" என்று உன் அப்பா கேலி செய்தான். செய்யட்டும்.

நிஜமாகவே எலும்பு சிக்குவதும் உண்டு. வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும், மீன் முள்ளும் அப்படித்தான். நாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் நீ நோண்டாதே. அரைகுறையாகத் தள்ளினால் உள்ளே இறங்கிவிடும். தையல் ஊசியை விழுங்கி நூல் மட்டும் வெளியே தெரிந்தால் நூலை இழுக்காதே.

8. உன் மருந்தை அதற்குக் கொடுக்காதே. உனக்கு இருமலுக்குக் கேட்டதே என்று சிரப்பில் ஒரு மூடி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலில் பாதி, வலிக்கு இபுபுரூஃபன் என்று கொடுப்பார்கள். இபுபுரூஃபன் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். நான்கு கிலோ உடம்பில் அளவு மீற அரை மாத்திரையே போதும். கஷாயத்தைச் சங்கில் புகட்டுவதும் வேண்டாம். மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து ஊற்றி, அது நுரையீரலுக்குள் போய், நல்ல கறவை மாடுகள் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்குகிற நாய்க்குத் தலையை நிமிர்த்தி ஊற்றினால் அதே கதிதான்.

9. ஊசிக் கணக்கைத் தள்ளிப்போடாதே. நாலைந்து நாய்களோடு ஒரே இடத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தால், சில நாளில் வறட்டு இருமல் தொற்றிக்கொள்ளும். செருமிச் செருமி, கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரையைக் கக்கும். பார்க்கிறவர்கள் வாந்தி என்றோ எலும்பு என்றோ சொல்வார்கள். திடமான நாய்க்கு ஓரிரு வாரத்தில் விட்டுவிடும்; குட்டிக்கும் கிழத்துக்கும் சப்பை மூக்குக்கும் நெஞ்சில் சளி கட்டிவிடலாம். ஆனால் ஊசி போடாத குட்டி இருமி, கண்ணிலும் மூக்கிலும் பீளை ஒழுகினால் அது டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம், அதற்குப் பிறகு வலிப்பும் வரலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை ஊசி. "கடைக்காரர் எல்லா ஊசியும் போட்டாச்சுன்னார்" என்பது கணக்கில் வராது. அட்டையில் தேதியும் டாக்டர் கையெழுத்தும் இருக்கிறதா, அதைப் பார்.

10. வயசான நாய் இருமினால் தொண்டையோடு நின்றுவிடாதே. சின்ன இனங்களுக்கு வயது ஏற ஏற இதயத்தின் இடதுபக்க வால்வு தடித்துக் கசிய ஆரம்பிக்கும். இதயம் பெருத்து மேலே இருக்கும் மூச்சுக்கிளையை அழுத்தும், இருமல் வரும். கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ராத்திரியில் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நிற்கும். வால்வு கசிகிற இரைச்சல் இருமலுக்கு வருஷங்கள் முன்னாலேயே ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் ஊசி போடப் போகும்போது, "நெஞ்சையும் ஒரு தடவை வெச்சுப் பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேள். முதல் அறிவுரையில் எண்ணச் சொன்னேனே, அந்த எண் இங்கேதான் உதவும். தூங்கும்போது 30-க்கு மேல் போய், மறுபடி எண்ணியும் இறங்கவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதே. அந்த நீரை இறக்க டாக்டர் தரும் மாத்திரையை ஆரம்பித்தால் சிறுநீர் நிறைய போகும், வீடு நாறும். அதற்காகப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. நீ தரையைத் துடை, மாத்திரையை நிறுத்தாதே.

11. கொசுவத்தி, சாம்பிராணி, தாத்தாவின் பீடி, போகியன்று தெருவில் எரியும் டயர். நாய் இருக்கும் இடத்தில் இந்தப் புகை எதுவும் வேண்டாம். தாத்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

12. டாக்டரிடம் உள்ளதைச் சொல். முதலில் உன் ஊர் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போ. மாட்டு டாக்டருக்கு நாய் என்ன தெரியும் என்று பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்காதே. கல்லூரியில் எல்லாம் படித்துத்தான் வருகிறார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் போன்ற வசதிதான் எல்லா இடத்திலும் இருக்காது. அது வேண்டியிருந்தால் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி பெயரில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். அதற்கும் மேலே என்றால் 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி. எந்த நேரத்தில் எது திறந்திருக்கும் என்று அவசரம் வருவதற்கு முன்பே விசாரித்து வை. 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் பக்கம் சாலை துண்டித்தபோது, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று மாத்திரையை முடியவிட்டவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள். ஒரு வார மருந்து எப்போதும் கையிருப்பு இருக்கட்டும்.

உள்ளதைச் சொல் என்றேன். கோழி எலும்பு போட்டிருந்தால் போட்டேன் என்று சொல். மெடிக்கலில் வாங்கி எதையாவது கொடுத்திருந்தால் அந்த அட்டையையே கொண்டுபோ. திட்டுவார் என்று மறைத்தால் டாக்டர் தப்பான வழியில் தேடிக்கொண்டிருப்பார், நாய்க்கு நேரம் போய்க்கொண்டிருக்கும். கையில் காசு குறைவு என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடு. இருப்பதற்குள் எது முக்கியம் என்று அவர் பார்த்துச் செய்வார். கருத்தடைக்குப் போனாலும், பல் சுத்தம் செய்யப் போனாலும், "இது குறட்டை விடற நாய்" என்று மயக்க மருந்துக்கு முன்பே நினைவுபடுத்து. சப்பை மூக்கு நாய்க்கு மயக்கம் கொடுக்கும்போது இருப்பதைவிட, தெளியும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். நன்றாக எழுந்து நிற்கும்வரை அங்கேயே இரு. வேலை இருக்கிறது என்று அவசரப்படுத்தாதே.

13. குட்டி எடுக்காதே. இதைச் சொன்னால் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. "ஒரு தடவையாவது குட்டி போடணும், அப்பத்தான் உடம்புக்கு நல்லது" என்று யாராவது வருவார்கள், அது உண்மையில்லை. குட்டி ஆயிரக்கணக்கில் விலைபோகும் என்று இன்னொருவர் வருவார். மூச்சுக்குத் திணறும் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறப்பது திணறும் குட்டிதான். அந்தப் பெரிய தலை பிறப்புவழியில் சிக்கி, வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டிவருவதும் அதிகம். 2024-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று சில வெளிநாட்டு இனங்களைப் பெருக்கக்கூடாது என்று சேர்த்திருந்தார்கள். பக்கும் பிரெஞ்சு புல்டாக்கும் அதில் வந்தன. அரசு சொல்வதற்கு முன்பே நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது தகப்பன் காளையின் தாய் எவ்வளவு பால் கறந்தது என்று கேட்கிற நம் ஜனம், நாய்க்குட்டி வாங்கும்போது அதன் தாய் நிம்மதியாகத் தூங்குகிறதா என்று கேட்பதில்லை.

உன் நாயைப் பார்த்துவிட்டு "இதே மாதிரி ஒண்ணு எங்களுக்கும்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், அதன் குறட்டையைக் கொஞ்சநேரம் உட்கார்ந்து கேட்கச் சொல். பிறகு மேல்மலையனூர்ப் பக்கமோ மரக்காணம் பக்கமோ என்னோடு ஒருநாள் அனுப்பு. நீளமான மூக்கும் நல்ல மூச்சும் உள்ள நாட்டுக்குட்டி எந்த வீட்டு வைக்கோல்போரடியில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் ஊசியை நானே டாக்டரிடம் அழைத்துப்போய்ப் போட்டுக் கொடுக்கிறேன்.